துவைக்காத துணி

ஈவ்லின் சிஸ்டர் துணியை ஜன்னல் பக்கம் எடுத்துப் போகிறார். பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்த உள்ளங்கை அகலத் துணி அது. ஏதோ பட்டுப்புடவைக்கு நிறம் பார்ப்பவர்போல வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கி ஒரு தரம் முகர்கிறார். அதன்பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வருகிறது.

"ட்யூப்லைட்டுல எல்லாமே மஞ்சளாத்தானுங்க தெரியும். பச்சையா, செவப்பான்னு பகல் வெளிச்சம் சொன்னாத்தான் நான் நம்புவேன்" என்பார். குன்னூரில் மாதத்துக்கு எத்தனை நாள் அந்த வெளிச்சம் கிடைக்கும் என்பது வேறு விஷயம். மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்ட நாட்களில் சட்டைப்பையில் இருக்கும் டார்ச்சை எடுப்பார். எடுக்கும்போதே அதைத் திட்டிக்கொண்டுதான் எடுப்பார்.

குன்னூரில் ஒரு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறார். எட்டுத் தொட்டில். அதில் கிடப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் கனம்தான் இருப்பார்கள். யாருக்கும் இன்னும் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். அம்மாவின் பெயரோடு 'பேபி' சேர்த்துக் கூப்பிடுவது அங்கே வழக்கம். சசிகலா பேபி, மூக்கம்மா பேபி. மூக்கம்மா பேபிக்கு இன்று எட்டு மில்லி பால், சசிகலா பேபிக்குப் பத்து. இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். வீட்டில் எரிவாயு சிலிண்டரை மூன்று முறை மூடிப் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெட்டினால் முதலில் மூக்குக்குத்தான் போகும். "எங்க ஊட்டுல காபி குடிக்கோணும்னா முதல்ல பாலுக்கு டெஸ்ட் ரிசல்ட் வரோணும்" என்று கணவர் செல்லதுரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். மனைவியின் பயத்தோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திப் பழகிப்போனவர். ஆஸ்பத்திரியில் இளம் நர்சுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பயந்தாங்கொள்ளி சிஸ்டர்'. அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபமில்லை. "பயம் போயிருச்சுன்னா லீவு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரோணுமுங்க. இந்த ரூமுக்கு அப்படிப்பட்ட ஆளு ஆகாது" என்பார்.

எந்த அம்மாவிடமும் அவர் 'பயப்படாதீங்க' என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வராது. "நானும் பயந்துட்டுத்தானுங்க இருக்கேன். வாங்க, ரெண்டு பேருஞ் சேந்து பாப்போம்" என்பார். இதைக் கேட்டு அரண்டுபோன அம்மாக்கள் உண்டு. ஆனால் சந்தேகம் வந்தால் இரண்டாம் நாளிலிருந்து எல்லோரும் தேடிப் போவது அவரைத்தான்.

அவருடைய பயங்களில் பெரியது குடல். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குக் குடலும் பாதி வளர்ந்ததுதான். பால் உள்ளே போகப் போக, சில குழந்தைகளுக்கு எங்கோ ஓரிடத்தில் குடல் புண்ணாகி வீங்கத் தொடங்கும். காலையில் நன்றாகக் கை கால் ஆட்டிய குழந்தை மாலையில் துவண்டுவிடும். வயிறு உப்பும், பால் இறங்காமல் நிற்கும், துணியில் ரத்தம் தெரியும். அப்படித் தெரிவதற்குள் குடலில் ஓட்டையே விழுந்திருக்கலாம். குழந்தைக்கு வலிக்கிறது என்று சொல்ல வாயில்லை, அழக்கூட வலுவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் மசினகுடிப் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு வயிறு லேசாக உப்பியதை வெறும் காற்று என்று அவர் நினைத்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில், பர்லியாரைத் தாண்டுவதற்குள் அந்தக் குழந்தை போய்விட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எல்லோரும் மங்குஸ்தான் பழம் வாங்க இறங்குவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான் துணி. முன்பெல்லாம் கண்ணும் மூக்கும்தான் சோதனை. இரண்டு வருடங்களாக ஒரு சின்ன இயந்திரமும் இருக்கிறது. குழந்தைகள் மருத்துவர் ஜினோ பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. குடல் புண்ணாகி வீங்கினால் அங்கே கூடும் ரத்த வெள்ளணுக்களிலிருந்து ஒரு புரதம் மலத்தோடு வெளியே வருமாம். மிளகளவு மலத்தைக் கரைத்து ஊற்றினால் இருபது நிமிடத்தில் அது எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடும். ஊசி வேண்டாம். உடம்பின் மொத்த ரத்தமுமே ஒரு சின்ன டம்ளர் அளவுதான் என்னும்போது, ஊசி வேண்டாம் என்பது சாதாரண விஷயமில்லை. குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் இயல்பாகவே ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடையில் விற்கும் டயப்பரை ஈவ்லின் சிஸ்டர் பிரிவுக்குள் விடமாட்டார். "அது தண்ணியெல்லாம் உறிஞ்சிக்குமுங்க. மிச்சம் இருக்கறது கெட்டியாகி நம்பர ஏத்திக் காட்டும். துணிதான் நெசஞ் சொல்லும்."

குழந்தையை முதன்முதலாக மடியில் வாங்கும் ஒவ்வொரு அம்மாவுக்கும் அவர் மூன்று விஷயம் ஒப்பிப்பார். கை கழுவணும். மூஞ்சி நிறம் மாறினால் உடனே கூப்பிடணும். துணியைத் துவைக்கக் கூடாது, எப்படி இருக்கிறதோ அப்படியே அவர் கையில் கொடுக்கணும். இருபத்திரண்டு வருடத்தில் அதை அவர் ஒரேயொரு முறைதான் முழுதாகச் சொல்லாமல் விட்டார்.

போன நவம்பர் அது. ரேகா என்ற பெண், பிக்கட்டிக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். ரத்த அழுத்தம் ஏறி ஏழாம் மாதத்திலேயே அறுத்து எடுத்த பெண் குழந்தை, ஆயிரத்து நூற்றைம்பது கிராம். ரேகா பதினோரு நாள் வேறு வார்டில் மருந்தேற்றிக்கொண்டு கிடந்தாள். குழந்தையை அதுவரை கணவன் செல்போனில் எடுத்துக் காட்டிய படத்தில்தான் பார்த்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஈவ்லின் சிஸ்டர் அவளுடைய ஆஸ்பத்திரி கவுனைத் தளர்த்தி, குழந்தையை மாரோடு மாராக வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினார். ரேகா அழவில்லை. குனிந்து பார்த்தாள். "என்னா சூடா இருக்கா, சிஸ்டர்!" என்றாள்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஈவ்லின் சிஸ்டருக்கு அரை நிமிடம் எதுவுமே தோன்றவில்லை. கை கழுவணும் என்று சொன்னார், மூஞ்சி நிறத்தைச் சொன்னார். மூன்றாவதைச் சொல்ல வாயெடுக்கும்போது குழந்தை ஒரு விரலால் ரேகாவின் தோலைப் பிறாண்டியது. இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அன்று முழுவதும் அவர் பயப்படாமல் இருந்த நேரம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல வயிற்றுச் சுற்றளவு எடுத்தார். ஆள் மாறினாலும் அளக்கும் இடம் மாறக்கூடாதென்று ஒவ்வொரு குழந்தைக்கும் தொப்புளுக்கு மேலே பேனாவால் சின்னப் புள்ளி வைத்திருப்பார். காலையில் இருபத்திரண்டரை. இப்போது இருபத்துநான்கு. டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினார். மூன்றாம் முறையும் இருபத்துநான்கு. மூக்கு வழியே போட்ட குழாயில் சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுத்தார். பதினொன்றரைக்குக் கொடுத்த எட்டு மில்லியில் பாதிக்கு மேல் திரிதிரியாகத் திரும்பி வந்தது. பித்தம் கலந்த பச்சையில்லை என்பதை ஜன்னலில் காட்டி இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். ஓடவில்லை. அந்தப் பிரிவில் சிஸ்டர் ஓடினால் எட்டு அம்மாக்களும் எழுந்துவிடுவார்கள். டாக்டர் அறை வரைக்கும் நடந்தேதான் போனார், செருப்பு மட்டும் கொஞ்சம் வேகமாகத் தரையில் அடித்தது.

டாக்டர் ஜினோ வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"பால நிறுத்திடுங்க, சிஸ்டர். மோஷன் சாம்பிள் வேணும். அஞ்சு நாள் முன்னாடி இவளுக்கு நூத்தி எழுபது இருந்துது. இப்ப அது எகிறியிருந்தா நான் யோசிக்கவே போறதில்ல, கீழ கோயம்புத்தூருக்கு அனுப்பிடுவேன். ஆபரேஷன்னா இங்க முடியாது."

"ரோடு?"

"பர்லியார்கிட்ட மண் சரிஞ்சு ஒத்த வழியாத்தான் விடறாங்களாம். அஞ்சு மணிக்கு அதையும் மூடறாங்கன்னு கேள்வி. மூணு, மூணரைக்குள்ள முடிவு பண்ணியாகணும்."

இரண்டு பக்கமும் பயம்தான். அனுப்ப வேண்டிய குழந்தையை அனுப்பாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று ஈவ்லின் சிஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுப்பத் தேவையில்லாத குழந்தையை, இந்த மழையில், இத்தனை கொண்டை ஊசி வளைவில், குலுக்கலிலும் குளிரிலும் கொண்டுபோனால் வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம். ஒரு மிளகளவு மலம் கிடைத்தால் ஒரு பக்கமாவது தெளியும்.

ரேகா பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி, மடியில இருந்தப்ப பாப்பாவுக்கு மோஷன் போச்சுங்களா?"

"போனா, சிஸ்டர். பதினொண்ணேகால் இருக்கும். பால் குடுக்கணும்னு இன்னொரு சிஸ்டர் வந்து வாங்கினாங்க. துணிய நானே மாத்தினேன்."

"துணி எங்கீங்க?"

ரேகா பெருமையாகச் சுவர் ஓரத்து ஹீட்டரைக் காட்டினாள். நாற்காலி முதுகில் அந்தத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பளிச்சென்று வெள்ளை. "சுடுதண்ணி வாங்கி, சோப்புப் போட்டு அலசிட்டேன். கறையே இல்ல, பாருங்க."

ஈவ்லின் சிஸ்டர் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார், மடிப்பைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை. ஒரு வாசனையை அவர் அவ்வளவு வெறுத்ததில்லை.

"ஏனுங்க, இத எதுக்குங்க துவைச்சீங்க?"

ரேகாவின் முகம் மாறியது. அவளுடைய குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. எஸ்டேட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகத்தை அவர்கள் இன்னும் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார்கள். "எங்க புள்ளக்காம்பராவுல அழுக்குத் துணியோட புள்ளயக் கொண்டுபோனா ஆயா உள்ளயே எடுக்காது, சிஸ்டர். மூத்தவன விடுறப்ப எல்லாத்தையும் அலசித்தான் குடுப்பேன். உங்க கையில போயி எப்படி அந்தக் கருமத்தக் குடுக்கறது?" என்றவள், சிஸ்டரின் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். "என் புள்ளைக்கு என்னா?"

"உக்காருங்க கண்ணு. தப்பு உங்க மேல இல்லீங்க. துவைக்காதீங்கன்னு நாந்தான் சொல்லியிருக்கோணும், வுட்டுட்டேன். பாப்பாவுக்கு வயிறு ஒண்ணரை சென்டிமீட்டர் ஏறியிருக்குது. பாலு எறங்கல. கொடலு வீங்குதான்னு அந்த மோஷன வெச்சுத்தான் பாக்கோணும். எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது."

ரேகா அவர் கையிலிருந்து அந்தக் காய்ந்த துணியைப் பிடுங்கி முகத்தில் பொத்திக்கொண்டாள்.

ஒரு மணி. ஒன்றரை. குழந்தையின் கீழே விரித்த புதுத்துணி விரித்தபடியே இருந்தது. மருந்து வைத்து வரவழைக்கலாமா என்று கேட்டதற்கு, சந்தேகப்படும் குடலைச் சீண்ட வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். இரண்டு மணிக்கு வயிறு இருபத்துநான்கில் அப்படியே நின்றது. ஈவ்லின் சிஸ்டர் மற்ற ஏழு குழந்தைகளுக்கும் செய்ய வேண்டியதைச் செய்தார், ஒரு தொட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு முறையும் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார். அரை நிமிடம் சிரித்ததற்கா இது என்று தன்னையே கரித்துக்கொட்டினார். முகக்கவசத்துக்குள்ளே உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபமா, திட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஷிஃப்ட் முடிந்து மாற்று நர்ஸ் வந்தபோது பையை எடுக்கவில்லை. கீழே ஆம்புலன்சைத் தயாராக நிறுத்தச் சொல்லியாகிவிட்டது.

இரண்டேமுக்கால் இருக்கும். ஆம்புலன்சில் கூடப் போவதற்குக் கையெழுத்து வேண்டுமென்று காகிதத்தை எடுத்துக்கொண்டு ரேகாவிடம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். மூக்கு விரிந்தது.

"அம்மிணி, இந்த கவுனு காலைல போட்டதுங்களா?"

ரேகாவுக்கு வெட்கம் பொறுக்கவில்லை. கம்பளியை இழுத்து மூடினாள். "ஆமா, சிஸ்டர். புள்ள துணிய மொதல்ல அலசிட்டேன். மாத்த வேற இல்ல. என்னோடத சாயங்காலம் அலசிக்கலாம்னு..."

"கைய எடுங்க. தொட்டுராதீங்க, தொட்டுராதீங்க!"

அந்தப் பிரிவில் ஈவ்லின் சிஸ்டர் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டார்கள். சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கவுனின் முன்பக்க மடிப்பை இரண்டு விரலால் மெல்லப் பிரித்தார். குழந்தையின் துணியை மீறி வழிந்தது, விலா எலும்புக்குக் கீழே, மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு, அம்மாவின் சூட்டில் இன்னும் ஈரமாக இருந்தது. சுண்டைக்காய் அளவு இருக்கும். ரேகா தலையைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் குச்சியால் அதை வழித்து டப்பாவில் சேர்த்தார், ஒரு துளி சிந்தவில்லை. தங்கம் வழிப்பவர்கூட அப்படி மூச்சடக்கியிருக்கமாட்டார்.

ஆய்வகத்தில் மனுவேல் டப்பாவைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஓரமெல்லாங் காஞ்சிருக்குது, சிஸ்டர். நம்பர் கொஞ்சம் கூடத்தாங் காட்டும்."

"நடுவுல இருக்கறத எடுங்க. கூடக் காட்டுனா காட்டட்டும். பண்ணுங்க."

இருபது நிமிடம். ஈவ்லின் சிஸ்டர் ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளியே மூடுபனிக்குள் ஆம்புலன்ஸ் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பது மங்கலாகத் தெரிந்தது. செல்லதுரை போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. இயந்திரம் ஒரு கீச்சுக் கொடுத்தது.

"நூத்தி அம்பத்தெட்டு" என்றார் மனுவேல்.

"இன்னொருக்கா படிங்க."

"ஒண்ணு, அஞ்சு, எட்டு. நீங்களே வந்து பாருங்க, சிஸ்டர்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

டாக்டர் ஜினோ எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்பவரில்லை. திரும்ப வந்து வயிற்றைத் தொட்டார், காது வைத்துக் கேட்டார், இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். டேப் இருபத்துமூன்றரை காட்டியது. காஞ்ச சாம்பிளிலேயே ஏறவில்லை என்றால் நல்லதுதான் என்றார். ஆம்புலன்சைப் போகச் சொன்னார். "ஆறு மணி வரைக்கும் வயிறு இப்படியே இருந்தா ரெண்டே ரெண்டு மில்லி குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரேகா அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

ஈவ்லின் சிஸ்டருக்கு அழுகை வரவில்லை. "நம்பர் நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத்தான் எறங்க மாட்டேங்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஐந்து மணிக்குப் பாதையை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. இனி நல்லதோ கெட்டதோ விடியும் வரை இங்கேதான். அதைக் கேட்டபின் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

ஆறு மணி. வயிறு இருபத்துமூன்று. மாற்று நர்ஸ் நான் கொடுக்கிறேனே என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். ரேகா பிழிந்து கொடுத்த பாலில் இரண்டு மில்லியை, உள்தண்டு எடுத்துவிட்ட சிரிஞ்சுக் குழலில் ஊற்றி, மூக்குக் குழாயோடு பொருத்தினார். அதை அழுத்தித் தள்ளக் கூடாது. குழந்தையைவிட உயரத்தில் கை இருந்தால் பால் தானாக இறங்கும், கை தாழ்ந்தால் நின்றுவிடும். அவர் கை குழந்தையின் மட்டத்திலேயே இருந்தது. பால் அசையாமல் நின்றது. தொட்டிலின் அந்தப் பக்கம் நின்ற ரேகா பாலைப் பார்த்தாள், பிறகு சிஸ்டரைப் பார்த்தாள்.

ஈவ்லின் சிஸ்டர் இடது உள்ளங்கையைக் குழந்தையின் வயிற்றின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, வலது கையை ஒரு விரற்கடை உயர்த்தினார்.